முன் வரிசையில் உட்கார வைக்கவும்

போன மாதம் அரூரில் ஒரு கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது கல்லூரி மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அண்ணா, உங்க பையனுக்கு மனநோய் மாத்திரை குடுக்கறீங்கன்னு சொல்றாங்களே, நெசமாண்ணா?" பக்கத்திலிருந்தவர் அவரை அதட்டினார். அதட்ட வேண்டியதில்லை. தீர்த்தமலையில் பாதிப் பேர் முதுகுக்குப் பின்னால் பேசுவதை அந்தத் தம்பி முகத்துக்கு நேராகக் கேட்டார், அவ்வளவுதான்.

ஆமாம், கொடுக்கிறோம். எப்படி அந்த முடிவுக்கு வந்தோம், இதில் சாதி எங்கே வந்து உட்கார்ந்தது என்பதை எழுதிவிடலாம் என்று தோன்றியது. மகனையும் துணைவியையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தன் பேரைப் போடக் கூடாது என்பது மகனின் நிபந்தனை. அவனுக்கு இப்போது ஒன்பது வயது.

நடக்க ஆரம்பித்த நாளிலிருந்தே அவன் துறுதுறுவென்றுதான் இருப்பான். கடைக்கு அனுப்பினால் பாதி வழியில் ஓணானைக் கண்டு நின்றுவிடுவான். காசு ஒரு பக்கம், பை ஒரு பக்கம். சோறு தின்று முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்திருப்பான். நாம் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்து விழும். செருப்பைத் தொலைக்காத மாதம் கிடையாது. காலனியில் இதெல்லாம் யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "வாலு" என்பார்கள், சிரிப்பார்கள், பின்மண்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார்கள். அதே பையன், ஆடு குட்டி போடுகிறதென்றால் இரண்டு மணி நேரம் அசையாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் அவனுக்கு இடம் கிடைத்தது. பள்ளியின் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. அதைப் போல எத்தனையோ பள்ளிகள் இருக்கின்றன. இரண்டாம் வகுப்பில் அவன் இடம் கடைசி வரிசை, சுவரோரம். பக்கத்தில் யாரும் கிடையாது. மற்ற பிள்ளைகளைக் கெடுக்கிறான் என்பது காரணம். அங்கே அவனுக்கு வைத்த பெயர் மலைக்குரங்கு. அதே வகுப்பில் ஊர்த்தெருப் பையன் ஒருவனும் கிட்டத்தட்ட இதே அளவு சேட்டை செய்வான். அவனுக்கு வைத்த பெயர் சுட்டிக் கண்ணன்.

எங்களைக் கூப்பிட்டுப் பேசியபோது சொன்னார்கள்: "வீட்ல கண்டிக்கறதில்லையா? அந்தச் சூழ்நிலையில வளர்ற பிள்ளைங்க அப்படித்தான் இருப்பாங்க." அந்தச் சூழ்நிலை என்றால் எந்தச் சூழ்நிலை மேடம் என்று என் துணைவி கேட்டார். பதில் வரவில்லை. கடைசியில் ஒரு வாக்கியம்தான் வந்தது: டாக்டரிடம் காட்டிச் சர்டிபிகேட் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் டிசி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் வெளியிலும் ஆளுக்கொரு யோசனை. என் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை: அமாவாசையன்று மலைமேல் ராம தீர்த்தத்தில் தலை முழுகவைத்தால் சரியாகிவிடும். கூட்டிப்போனோம். தண்ணீர் சில்லென்று இருந்தது, பையனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அம்மாவுக்கு மனசு ஆறியது. வகுப்பறையில் ஒன்றும் மாறவில்லை. இயக்கத் தோழர் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை: "இது மருந்துக் கம்பெனிக்காரன் கண்டுபிடிச்ச நோய் தோழர். பையனுக்கு ஒண்ணுமில்ல. பள்ளிக்கூடத்துக்குத்தான் சாதி நோய்."

பள்ளிக்கூடத்துக்குச் சாதி நோய் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஒரு பதிலிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறதா? வீட்டில், யாரும் திட்டாத இடத்தில், இராத்திரி பத்து மணிக்கு ஒரு பக்கம் எழுத உட்கார்ந்து, மூன்று வரிக்கு மேல் முடியாமல், "எனக்கு மட்டும் ஏம்ப்பா வரமாட்டேங்குது" என்று அழுத பிள்ளைக்கு அந்தப் பதில் போதாது. அதனால்தான் டாக்டரிடம் போனோம், பள்ளிக்கூடத்தின் மிரட்டலுக்காக அல்ல.

மருந்துக் கம்பெனி வாதத்தைக் கொஞ்சம் சரிபார்த்துவிடலாம். ஏ.டி.எச்.டி. என்கிற பெயர் 1987இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் வந்தது. அதற்கு முன் 1980இல் வேறொரு பெயர். ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்கிற குழந்தை மருத்துவர் 1902லேயே விரிவுரை ஆற்றியிருக்கிறார். இன்று பரவலாகக் கொடுக்கப்படும் மெத்தில்பெனிடேட் என்கிற மருந்து முதன்முதலில் தயாரிக்கப்பட்டது 1944இல்தான். ஆக, மாத்திரை விற்க நோய் உண்டாக்கப்பட்டது என்ற கதையில் காலக் கணக்கு உதைக்கிறது. கம்பெனிகள் இந்தப் பெயரை வைத்து நன்றாகக் காசு பார்த்தன என்பது வேறு விஷயம், அது உண்மை. எனக்கு இதில் உறைத்தது ஸ்டில் சொன்ன காரணம். இந்தப் பிள்ளைகளிடம் இருப்பது ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறைபாடு என்றார் அவர். நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மருத்துவம் அந்தச் சொல்லை விட்டுவிட்டு வெகுதூரம் வந்துவிட்டது. எங்களைக் கூப்பிட்டுப் பேசிய அந்த அறையில் அது இன்னும் அப்படியே இருந்தது.

முதலில் போனது ஒரு தனியார் மருத்துவரிடம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பையன் மேசை மேலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தான், அவர் மருந்துச் சீட்டை எடுத்தார். அந்தச் சீட்டை நாங்கள் மருந்துக் கடைக்குக் கொண்டு போகவில்லை. பிறகு ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவுக்குப் போனோம். இரண்டு பஸ் மாற வேண்டும். அரூர் வரை டவுன் பஸ்ஸில் துணைவிக்கு டிக்கெட் இல்லை, அதற்கப்புறம் உண்டு. நோயைக் கண்டறிந்து முடிக்க ஆறு நாள் ஆனது. 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய். இரண்டு பேர், ஆறு நாள் என்று கணக்குப் போட்டால் 3,828 ரூபாய். பஸ் கட்டணமும் சாப்பாடும் தனி. இலவச மருத்துவம் என்று நாம் சொல்வதன் விலை அது. நான் ஓரளவு படித்தவன், லீவு சொல்ல முடிகிற வேலையில் இருப்பவன். கரும்பு வெட்டப் போகிற, பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிற குடும்பம் ஆறு நாளுக்கு எங்கே போகும்?

அங்கே முதலில் கேட்டது பிறந்த தேதி. எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் தலைமுறையில் காலனிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பிறந்த நாள் வாத்தியார் போட்ட ஜூன் மாதத்துத் தேதி. மகனுக்கு ஆஸ்பத்திரிச் சான்றிதழ் இருக்கிறது: ஜூலைக் கடைசி. அப்படியானால் வகுப்பிலேயே சின்னவன் இவன்தான் என்றார் டாக்டர். இது சும்மா கேட்பதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், அங்கே ஒரு வகுப்பின் மிக இளையவர்களாக இருக்கும் டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 விழுக்காடு அதிகமாக ஏ.டி.எச்.டி. என்று முத்திரை விழுந்திருந்தது. பெண் பிள்ளைகளுக்கு 70 விழுக்காடு. ஒரே வகுப்பில் பதினோரு மாதம் சின்ன பிள்ளை சின்னப் பிள்ளையாக நடந்துகொள்வதைக்கூட நோய் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. நல்ல மருத்துவர் அதைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்பார்.

அப்புறம் காது பரிசோதனை, கண் பரிசோதனை, இரத்தம். காது சரியாகக் கேட்காத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது. கரும்பலகை தெரியாத பிள்ளையும் எழுதாது. இரத்தசோகை உள்ள பிள்ளைக்கும் கவனம் நிற்காது. இவனுக்குக் காதும் கண்ணும் சரி, ஹீமோகுளோபின் குறைவு. இரும்புச்சத்து மருந்தும் பூச்சி மாத்திரையும் கொடுத்து, சில வாரம் கழித்து வரச் சொன்னார்கள். தூங்கும் நேரம் கேட்டார்கள். வீட்டில் குடி உண்டா, அடி உண்டா என்று துணைவியைத் தனியாக வைத்துக் கேட்டார்கள். அதில் தப்பில்லை, பயந்துபோன பிள்ளையும் நிலைகொள்ளாமல்தான் அலையும்.

இதற்குப் பிறகுதான் படிவங்கள். உங்களில் பலர் ஆசிரியர் பயிற்சியிலும் சமூகப்பணிப் படிப்பிலும் இருக்கிறீர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏ.டி.எச்.டி.யைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பிள்ளையைத் தினமும் பார்க்கிறவர்கள் சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். கவனக் குறைவில் ஒன்பது அறிகுறிகள், அடங்காத ஓட்டத்தில் ஒன்பது. ஏதாவது ஒரு தொகுதியில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். முக்கியமாக, ஒரே இடத்தில் மட்டும் தெரிந்தால் போதாது. இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் குரங்கு, வீட்டில் சாதாரணம் என்றால் கேள்வி கேட்க வேண்டியது பள்ளிக்கூடத்தைத்தான்.

எங்களுக்குக் கொடுத்தது வாண்டர்பில்ட் அளவுகோல். ஆசிரியருக்கான தாளில் அறிகுறிகள் பற்றி 35 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம்: ஒருபோதும் இல்லை, சில நேரம், அடிக்கடி, மிக அடிக்கடி. ஒன்று பள்ளிக்கு, ஒன்று எங்களுக்கு. இன்னொன்றைச் சாயங்காலம் எங்கள் தெருவில் பாடம் சொல்லிக்கொடுத்த, நம் காலனியைச் சேர்ந்த அக்காவுக்கும் கேட்டு வாங்கினோம்.

மூன்று தாளையும் உளவியலாளர் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். முதல் 18 கேள்விகள் கவனமும் ஓட்டமும் பற்றியவை. அதில் மூன்று தாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி. பொருளைத் தொலைக்கிறான், சொன்னதை மறக்கிறான், தொடங்கியதை முடிப்பதில்லை, முறை வரும்வரை காத்திருப்பதில்லை. பள்ளி சொன்னதையே அம்மாவும் சொல்லியிருந்தார், தெரு அக்காவும் சொல்லியிருந்தார். அடுத்து 19 முதல் 28 வரை வேறு வகைக் கேள்விகள். பழிவாங்கும் குணம் உண்டா, பொய் சொல்கிறானா, மற்றவர்களை மிரட்டுகிறானா, விலையுள்ள பொருளைத் திருடியிருக்கிறானா என்பது போல. பள்ளியின் தாளில் அந்தப் பத்துக்கும் "மிக அடிக்கடி" என்றே கட்டம் கட்டமாக நேர்கோடாக டிக் இறங்கியிருந்தது. மற்ற இரண்டு தாளிலும் அந்தப் பகுதி கிட்டத்தட்ட வெறுமை.

"என்ன திருடினான்னு எப்பவாவது சொன்னாங்களா?" என்று உளவியலாளர் கேட்டார். சொன்னதில்லை. இரண்டு வருஷத்தில் ஒரு பென்சில்கூட. அவர் சாதியைப் பற்றி எதுவும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. அந்தப் பத்துக் கேள்வியைத் தனியாகக் கோடு போட்டு ஒதுக்கிவிட்டு, முதல் பதினெட்டை மட்டும் கணக்கில் எடுத்தார். கவனக் குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த வகை, மிதமான அளவு என்று எழுதினார்.

தோழர்களே, நான் சொல்ல வருவது இதைத்தான். என் மகனுக்கு உண்மையிலேயே உதவி தேவைப்படுகிற ஒரு குறைபாடு இருந்தது. அவனைப் பற்றிச் சாதி எழுதிய பொய்யும் அதே தாளில் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க மூன்று தாள்களும், அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மனிதரும் தேவைப்பட்டார்கள். அந்தத் தனியார் மருத்துவர் இதைச் செய்யவில்லை. பள்ளியின் தாள் ஒன்றை மட்டும் வைத்து எழுதியிருந்தால் ஏழு வயதுப் பிள்ளையின் கோப்பில் நடத்தைக் கோளாறு, திருட்டுப் பழக்கம் என்று ஏறியிருக்கும். தாளை வாங்கவே மறுத்துக் கிழித்துப் போட்டிருந்தால் குறைபாடு அப்படியே இருந்திருக்கும், மலைக்குரங்கு என்ற பெயரும் அப்படியே இருந்திருக்கும்.

அரசாங்கத் தாளை நம்பாமல் இருக்க இந்த மண்ணுக்குக் காரணம் இருக்கிறது. வாச்சாத்தி இதே அரூர் பக்கம்தான். 1992 ஜூன் 20 அன்று அங்கே நடந்ததற்குத் தருமபுரி நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 அதிகாரிகளில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள். இதையெல்லாம் பார்த்த நம் ஆட்கள் படிவத்தைக் கண்டால் கையை இழுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைக்கு இரண்டு பக்கம் உண்டு. லண்டனில் கரீபியன் குடும்பங்களின் கறுப்பினப் பிள்ளைகளைக் கல்வியில் பின்தங்கியவர்கள் என்று முத்திரை குத்திச் சிறப்புப் பள்ளிகளுக்குத் தள்ளுவதை அம்பலப்படுத்தி, அங்கே ஆசிரியராக இருந்த பெர்னார்ட் கோர்ட் 1971இல் ஒரு சிறு நூல் எழுதினார். அமெரிக்காவில் 2013இல் வந்த ஆய்வு இதற்கு நேரெதிரான இன்னொரு அநீதியைக் காட்டியது. மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பின்தொடர்ந்து பார்த்தபோது, ஏ.டி.எச்.டி. என்று கண்டறியப்படும் வாய்ப்பு வெள்ளையினப் பிள்ளைகளைவிடக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு 69 விழுக்காடு குறைவாக இருந்தது. அதாவது தண்டனைக்குரிய முத்திரை தாராளமாகக் கிடைக்கிறது, சிகிச்சைக்குரிய முத்திரை கிடைப்பதில்லை. நம் ஊரில், கோயம்புத்தூரில் 770 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. மொத்தத்தில் 11 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளில் 16 விழுக்காட்டுக்கு மேல், நடுத்தரக் குடும்பத்தில் 7 விழுக்காட்டுக்கும் கீழே. இந்த இடைவெளியில் எவ்வளவு சத்துக்குறைவு, எவ்வளவு வறுமையின் நெருக்கடி, டிக் போட்டவரின் கண்ணில் இருந்தது எவ்வளவு? உங்களில் யாராவது ஆய்வுப் படிப்புக்குப் போனால் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை மாத்திரையில் தொடங்கவில்லை. முதல் இரண்டு மாதம் எங்களுக்குத்தான் பயிற்சி. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்ல வேண்டும். தோளைத் தொட்டு, கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இருபது நிமிஷப் படிப்பை ஐந்தைந்து நிமிஷமாக உடைக்க வேண்டும். செய்த உடனே பாராட்ட வேண்டும், சாயங்காலம் அல்ல. அடி கூடாது. இதில் என் அம்மா எங்களையெல்லாம் தோற்கடித்துவிட்டார். ஆடு மேய்த்த கை. ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு மாதிரி சத்தம் கொடுக்கத் தெரிந்தவர்.

அந்த ஆட்டுக்குட்டி விஷயத்தையும் டாக்டரிடம் கேட்டேன். கவனமே இல்லாத பிள்ளை என்றால் அங்கே மட்டும் இரண்டு மணி நேரம் எப்படி? கவனம் இல்லாமல் இல்லை, அதை வேண்டிய இடத்துக்குத் திருப்புகிற பிடிதான் தளர்வாக இருக்கிறது என்றார். பிடித்த வேலையில் கவனம் தானாக ஓடிப் போய் நிற்கும், பிடிக்காத வேலைக்கு இழுத்து வர வேண்டும், அந்த இழுக்கிற வேலை இவனுக்கு மற்றவர்களைவிடக் கடினம். "ஆட்டுக்கிட்ட மட்டும் ஒழுங்கா இருக்கான், அப்ப வேணும்னேதான பண்றான்" என்று கேட்கிற எல்லாருக்கும் நான் இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

மாத்திரை பிறகு வந்தது. மெத்தில்பெனிடேட், குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்து என்பதால் எல்லாக் கடையிலும் கிடைக்காது; சேலம் வரை போய் வாங்கிய மாதமும் உண்டு. பசியைக் குறைக்கும். ஏற்கெனவே எடை குறைவான, இரத்தசோகை உள்ள பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல. அதனால் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் காலை மாத்திரை. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டம் பிற்பாடு எங்களுக்கு இதில் எப்படிக் கைகொடுத்தது என்று யாரும் எழுதப் போவதில்லை, நான் எழுதுகிறேன். மத்தியானம் முட்டையை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றை வைத்துவிடுவான். இராத்திரி சேர்த்துச் சாப்பிடுவான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கிறார்கள்.

குணமாகிவிட்டதா என்று கேட்கிறீர்கள். செருப்பு இன்னும் தொலைகிறது. ஆனால் ஒரு பக்கத்தை எழுதி முடிக்கிறான். அமெரிக்காவில் 579 பிள்ளைகளை வைத்து நடந்து 1999இல் வெளியான பெரிய ஆய்வில், கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து 14 மாதத்தில் நல்ல பலன் தந்தது. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கிடையே அந்த வேறுபாடு தெரியவில்லை. எனவே இது ஆயுள் முழுவதற்குமான வரம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. எழுதப் படிக்கக் கற்கிற இந்த வயதில் பிள்ளைக்கு ஓர் ஊன்றுகோல்.

இனி அந்தச் சீட்டு. மாத்திரையோடு சேர்த்து டாக்டர் பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். நாலே வரி. முதல் வரி: மாணவரை முன் வரிசையில், ஆசிரியருக்கு அருகில் உட்கார வைக்கவும். இந்தக் குறைபாட்டுக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற, காசு செலவில்லாத, மிகச் சாதாரணமான ஆலோசனை அது. கோணிச் சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்த அண்ணலின் கதையைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். நம் வீட்டுப் பிள்ளைக்கு முன் வரிசை என்று ஒரு மருத்துவர் முத்திரை போட்டு எழுதிக் கொடுத்ததைப் பார்த்தபோது என் துணைவி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார்.

பள்ளி அதை ஏற்கவில்லை. முன் வரிசையில் வைத்தால் மற்ற பெற்றோர்கள் கேட்பார்கள் என்றார்கள். என்ன கேட்பார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, தெரியும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மன உளைச்சல் கொடுப்பதையும் தடை செய்கிறது. இரண்டு வருஷம் சுவரோரம் தனியாக உட்காரவைத்தது அதில்தான் சேரும். புகார் எழுதி அனுப்பினோம். அதன் முடிவு இன்னும் வரவில்லை. பிள்ளையை அதுவரை காத்திருக்க வைக்க முடியாதே. அரசுப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே ஆசிரியை கடிதத்தைப் படித்துவிட்டு, "இதுக்கு எதுக்குங்க லெட்டரு, நானே பக்கத்துல வெச்சிக்கறேன்" என்றார். எல்லா அரசுப் பள்ளியும் இப்படி என்று நான் சொல்லவரவில்லை. நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றே பரிந்துரை செய்ய வேண்டியிருந்தது. யார் எங்கே உட்காருவது என்பது இந்த மாநிலத்தில் இன்னும் நீதிபதி வந்து சொல்லவேண்டிய விஷயம்தான்.

இந்த மாற்றத்தில் இன்னொன்றும் தெரிந்தது. ஆர்.பி.எஸ்.கே. என்று ஒரு மத்திய அரசுத் திட்டம் 2013இலிருந்து இருக்கிறது. மருத்துவக் குழு வண்டியில் பள்ளிக்கே வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும். பார்க்க வேண்டிய 30 நிலைகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் உண்டு, கற்றல் குறைபாடும் உண்டு. ஆனால் அந்தக் குழு போவது அங்கன்வாடிக்கும், அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும். 25 விழுக்காட்டில் தனியார் பள்ளிக்குப் போன நம் பிள்ளை இந்தப் பரிசோதனைக்கு வெளியே விழுந்துவிடுகிறான். அரசின் பணத்தில் படிக்கிறான், அரசின் மருத்துவர் கண்ணில் படமாட்டான். இதற்கு ஒரு மனு போதும் என்று நினைக்கிறேன். யாராவது கையில் எடுக்க வேண்டும்.

இன்னொரு ஓட்டை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதிலுள்ள 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. இல்லை. அடையாள அட்டைக்கும் வழியில்லை. அதனால் பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல பிள்ளைகளுக்குச் சேர்ந்தே இருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்க வேண்டிய நாள் வந்தால் அந்தக் காகிதம்தான் உதவும்.

இரவுப் பள்ளி நடத்துகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் வரும் பிள்ளைகளில் யாரோ ஒருவருக்குப் பள்ளியிலிருந்து இப்படியொரு தாள் வரும். பெற்றோர் அதை உங்களிடம்தான் கொண்டு வருவார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள், கிழிக்கவும் சொல்லாதீர்கள். மூன்றாவது தாளை நீங்கள் நிரப்புங்கள். பார்த்ததை மட்டும், தேதியோடு எழுதுங்கள். காது, கண், இரத்தம் பார்த்தார்களா என்று கேளுங்கள். அமைதியாக ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளையையும் கவனியுங்கள். ஓடாத பிள்ளைக்கு யாரும் தாள் அனுப்ப மாட்டார்கள். முடிந்தால் முதல் நாள் மருத்துவமனைக்குக் கூடப் போங்கள், ஒரு நாள் கூலியாவது மிச்சமாகும்.

போன வாரம் மகனுக்கு எடை பார்த்தோம். 23 கிலோ. மூன்று மாதத்தில் 600 கிராம் ஏறியிருக்கிறது. டாக்டர் மாத்திரை அளவை மாற்றவில்லை.